ஜெர்மன்காரர் சொன்ன திருத்தங்கள்

நீங்க கொண்டு வந்திருக்க ரிமோட் காருக்குக் கடையில வாங்கின பாடிதான தம்பி? நல்லதாப் போச்சு. கடையில வாங்கினதுன்னா ஒரு வம்பும் கெடையாது. சொந்தமாச் செஞ்ச பாடின்னு ஒருத்தன் இந்த மணல்ல எறக்கினான் பாத்துக்கிடுங்க, அன்னைக்குப் பிடிச்சது இந்தக் கிளப்புக்குச் சனி.

உக்காருங்க. இந்த முந்திரி மரத்து நிழல்லதான் நாங்க எப்பவும் உக்காருவோம். மத்த ஆளுக இப்ப வந்திருவாங்க. மணி எட்டுதான ஆவுது. ஞாயித்துக்கெழமைன்னா பூசை கண்டு, வீட்டுக்குக் கறி எடுத்துக் குடுத்துட்டு மெதுவாத்தான் வருவாங்க. கோவில்பட்டியில இருந்து நீங்க இவ்வளவு வெள்ளன வந்துட்டிய, உள்ளூர்க்காரனுக்கு வர வலிக்கு பாருங்க.

நான் எட்வின் மோத்தா. கிளப் பேஜ்ல செயலாளர்னு பேரு போட்டிருக்கும்லா, அது நாந்தான். தூத்துக்குடியில ஒரு ஷிப்பிங் ஆபீஸ்ல முப்பத்தொரு வருசம் கடுதாசி எழுதுத வேலை. கப்பல்காரன் எங்கயோ வெளிநாட்டுல இருப்பான். சரக்கு நனைஞ்சு போச்சுன்னு கத்துவான். அவனுக்கும் வலிக்காம நாமளும் மாட்டாம ஒரு கடுதாசி போடணும்னா மேனேஜர் என்னையத்தான் கூப்பிடுவாரு. "மோத்தா, வெள்ளக்காரன் எழுதின மாதிரி ஒண்ணு எழுதும்"பாரு. எழுதுவேன். கீழ கையெழுத்து அவரு போட்டுக்கிடுவாரு. அது கிடக்கட்டும்.

அந்தப் பய பேரு லிங்கதுரை. பயன்னா சின்னப்பய இல்ல, நாப்பத்தி மூணு வயசு. பல்லு செட்டு செய்யுதவன். டாக்டர் இல்ல கேட்டியளா, டாக்டர் வாயில அளவு எடுத்து அனுப்புவாரு, இவன் லேப்ல உக்காந்து மாவுல அச்சு வார்த்து, பல்லைப் பொருத்தி, ராவி, பாலிஷ் போட்டு அனுப்புவான். இவனும் இவன் பெஞ்சாதி பட்டுக்கனியும்தான் அந்த லேப்பு. ஒரு மாடி ரூம்பு. எங்க பாத்தாலும் பல்லு. ஆளு சத்தமே போட மாட்டான். ஒண்ணு கேட்டா அரை வார்த்தை சொல்லுவான்.

கிளப்புக்கு வந்தப்ப ஒரு பழைய வண்டி வச்சிருந்தான். யார்கிட்டயோ செகண்ட் ஹேண்டுல வாங்கினது. மேல பாடியே கெடையாது. மோட்டாரும் பேட்டரியும் ஒயரும் வெளிய தெரிய ஓடும். நாங்க அதுக்கு 'எலும்புக்கூடு'ன்னு பேரு வச்சிருந்தோம். அவனும் சிரிச்சுக்கிடுவான். நல்லவந்தான். எங்க வண்டி பாடி எது உடைஞ்சாலும் வீட்டுக்குக் கொண்டு போயி, உள்ளுக்க வலை வச்சு ஒட்டி, உடைஞ்ச எடமே தெரியாமக் கொண்டு வருவான். என்னுது மட்டும் நாலு தடவை ஒட்டியிருக்கான். அதை நான் இல்லன்னு சொல்லல.

போன வருசம் பொங்கல் கழிச்சு ஒரு ஞாயித்துக்கெழமை, ஒரு அட்டைப் பெட்டியில துணியச் சுத்தி ஒரு பாடியக் கொண்டு வந்தான். பக்கி. மணல்ல ஓடுத பக்கி காரு பாத்திருப்பியள்லா? கூரை இருக்காது, கம்பிக் கூண்டு இருக்கும், சக்கரத்துக்கு மேல மட்கார்டு உருண்டையா நிக்கும், பின்னால இஞ்சின் வெளிய தெரியும். பத்துல ஒரு பங்கு அளவு. எங்கயும் விக்காத பாடி. இவனாப் படம் போட்டு, பல்லுக்கு அச்சு வார்க்குத அந்த மாவையே கட்டியா வார்த்து, அதைச் சீவிச் சீவி ஒரு பக்கி ஆக்கியிருக்கான். அப்புறம் கண்ணாடி மாதிரி இருக்குத பிளாஸ்டிக் ஷீட்டைச் சூடாக்கி அது மேல போட்டு, அடியில காத்தை உறிஞ்சி, அச்சோட அச்சா ஒட்ட வச்சிருக்கான். அதுக்கு ஒரு பழைய வாக்குவம் கிளீனரை வச்சு மெசினே செஞ்சிருக்கான். கம்பிக் கூண்டு, பல்லுக்குப் போடுத கம்பி. வளைச்சுப் பத்த வச்சது. ஒரு பத்து முடிச்சும் ஒரே மாதிரி.

எல்லாரும் வண்டிய நிறுத்திட்டாங்க தம்பி. உப்பளம் வச்சிருக்காரே ஜெபராஜ், இந்த எடம் அவருதுதான், அவரு வேட்டிய மடிச்சுக் கட்டிக்கிட்டு மணல்ல குப்புறப் படுத்துட்டாரு, தரை மட்டத்துல இருந்து பாக்கணும்னு. மத்தவன் எல்லாம் சுத்திக் குத்த வச்சு உக்காந்துட்டான். அன்னைக்குத்தான் நான் என் புது வண்டியக் கொண்டு வந்திருந்தேன். ஜப்பான் சாமான். மூணு மாசம் காத்துக் கெடந்து வரவழைச்சது. அது பாட்டுக்கு அந்தா அந்த ஓரத்துல நின்னுச்சு. ஒருத்தன் திரும்பிப் பாக்கல.

பொறாமைன்னு நெனச்சிராதிய. எனக்கு எதுக்குப் பொறாமை? பல்லு செய்யுதவன்கிட்ட எனக்கு என்ன பொறாமை? ஆனா ஒரு கிளப்புன்னா ஒரு முறை இருக்கு. நேத்து வந்தவன் பெட்டியத் தொறந்ததும் செயலாளர் தனியா நிக்கப்பிடாதுல்லா.

வெளையாட்டாத்தான் ஆரம்பிச்சது. சத்தியமா வெளையாட்டுதான். ஒரு வாரம் ஓட்டிட்டு விட்டுருவோம்னுதான் நெனச்சோம்.

நான் ஒரு ஈமெயில் ஐடி தொறந்தேன். ஹெல்முட்னு ஒரு பேரு. ஜெர்மனியில ஒரு மாடல் கம்பெனியில டிசைன் பாக்குதவரு. கம்பெனி பேரும் நான் வச்சதுதான், அப்படி ஒண்ணும் கெடையாது. 'உங்க கிளப் பேஜ்ல அந்தப் பக்கியோட படம் பாத்தேன். முப்பது வருசமா இந்த வேலையில இருக்கேன், இப்படி ஒரு வளைவு பாத்ததில்ல. செஞ்சது யாருன்னு தெரிஞ்சிக்கிடலாமா?' அவ்வளவுதான். எழுதி லிங்கதுரைக்கு அனுப்பிட்டு, ஜெபராஜுக்கும் மத்தவங்களுக்கும் போன்ல சொன்னேன். எல்லாரும் சிரிச்ச சிரிப்பு.

மறுநாள் காலையில வாசல்ல வந்து நிக்கான். செருப்பைக் கழத்திட்டு நிக்கான். நான் மட்டும்தான் வீட்ல. எங்க வீட்டம்மா மக கூட சென்னையில இருக்கா, ரெண்டு வருசமாச்சு, பேரப்பிள்ளையப் பாத்துக்கிடணும்லா.

"அண்ணாச்சி, இங்கிலீஷ்ல ஒண்ணு வந்திருக்கு. எனக்கு முழுசா வெளங்கல. நீங்கதான் வாசிச்சுச் சொல்லணும்"னு போனை நீட்டுதான்.

பாருங்க தம்பி, நான் எழுதினதை எங்கிட்டயே கொண்டாந்து வாசிக்கச் சொல்லுதான்! நான் கண்ணாடிய மாட்டி, தொண்டையச் செருமிட்டு, ஒவ்வொரு வரியா இங்கிலீஷ்ல வாசிச்சுத் தமிழ்ல சொன்னேன். 'இப்படி ஒரு வளைவு பாத்ததில்ல'ங்குத எடம் வந்ததும், "அதை இன்னொரு வாட்டி சொல்லுங்க அண்ணாச்சி"ங்கான். சொன்னேன். உதட்டைக் கடிச்சுக்கிட்டு தரையப் பாத்துக்கிட்டே நிக்கான். "எந்த வளைவுன்னு போட்டிருக்காரா?"ங்கான். எனக்கு அது தோணல. எந்த வளைவுன்னு நான் யோசிக்கவே இல்ல. "அடுத்ததுல கேப்போம்"னு சொல்லிட்டு, பதிலையும் நானே எழுதிக் குடுத்தேன்.

இப்ப புரியுதா? கேள்வியும் நான், பதிலும் நான். நடுவுல அவன்.

அந்தக் கேள்விக்குப் பதில் எழுதணும்னா பக்கியப் பாக்கணும்லா? அடுத்த ஞாயித்துக்கெழமை நான் அதை நல்லாப் பாத்தேன். தூக்கி, திருப்பி, வெயில்ல பிடிச்சுப் பாத்தேன். முன் மட்கார்டு முடிஞ்சு கதவுப் பக்கம் எறங்குத எடம், அதுதான் வளைவு. அதைத்தான் எழுதினேன். ஆனா மூக்கு கொஞ்சம் தூக்கல். அதையும் எழுதினேன். 'மூக்கு மூணு மில்லி தாழ்ந்தா வண்டி நிக்கும்போதே ஓடுத மாதிரி இருக்கும். செஞ்சு அனுப்ப முடியுமா?'

செஞ்சான். மூணு மில்லிங்கது நமக்குச் சும்மா தம்பி. அவனுக்கு அச்சை மறுபடி வார்க்கணும், காய வைக்கணும், சீவணும், உப்புத்தாள் போடணும், ஷீட்டை இழுக்கணும். ஷீட்ல ஈரம் இருந்தாப் பொக்குளம் விட்டுரும், அது குப்பைக்குப் போகும். அப்புறம் உள்பக்கமா பெயிண்ட் அடிக்கணும், தலைகீழா, கோடுகளை முதல்ல அடிச்சு நெறத்தைக் கடைசியில. பத்து நாளு. பத்தாவது நாளு கொண்டு வந்தான். மூணு மில்லின்னா மூணு மில்லி.

நான் சொன்னது சரியா இருந்துச்சு தம்பி. நெசமாவே நின்னுக்கிட்டே ஓடுச்சு.

அப்புறம் விட முடியுமா? ரெண்டாவது திருத்தம், முன் சக்கரத்துக்கும் மட்கார்டுக்கும் இருக்குத இடைவெளி பின்னால இருக்கதுக்கு ஒத்து வரல. மூணாவது, ஓட்டுத பொம்மை. பக்கி பத்துல ஒண்ணுன்னா ஆளும் பத்துல ஒண்ணா இருக்கணும்லா, இவன் ஏதோ கடை பொம்மைய உக்கார வச்சிருந்தான். அதைக் கழிச்சுட்டு அவனே மெழுகுல ஒரு ஆளைச் செஞ்சான். மணல்ல பறக்குத சந்தோசத்துல வாயத் தொறந்து சிரிக்குத மாதிரி ஆளு. வாய்க்குள்ள பல்லு வச்சிருக்கான் தம்பி! மேல எட்டு, கீழ எட்டு. ஊசி மொனை அளவு. ஜெபராஜ் பூதக்கண்ணாடி வச்சு எண்ணினாரு.

நாலாவதுக்கு நான் லைப்ரரிக்குப் போனேன். பழைய கார் புஸ்தகம் எல்லாம் எடுத்துப் பாத்தேன். ஆபீஸ்ல இருந்தப்பகூட ஒரு கடுதாசிக்கு இவ்வளவு மெனக்கெட்டது கெடையாது. காலையில எந்திரிச்சா இன்னைக்கு ஹெல்முட் என்ன சொல்லுவாருன்னுதான் முதல் யோசனை. கதவுக்குக் கீழ ஓடுத கோடு பின்னால போகப் போகக் கொஞ்சம் ஏறணும்னு சொன்னேன். அஞ்சாவது, நெறம். இவன் மஞ்சள் அடிச்சிருந்தான். இந்தத் தேரி மண்ணு செவப்பு, அது மேல மஞ்சள் கத்தும். 'உங்க ஊரு மண்ணோட நெறம் என்ன? அதுக்கு எதிர்ல நிக்குத நெறம் எதுன்னு நீங்களே பாத்து எடுங்க'ன்னு எழுதினேன். அவன் ஒரு டப்பாவுல இந்த மண்ணை அள்ளிட்டுப் போயி மேசையில வச்சுக்கிட்டு, கடைசியில ஒரு பச்சை புடிச்சான் பாருங்க. சப்பாத்திக்கள்ளி மடல்ல ஒரு சாம்பல் பூத்த பச்சை உண்டும்லா, அது.

நடுவுல ஒரு நாள் பட்டுக்கனி வந்தா. தனியா வந்தா.

"அண்ணாச்சி, ஒண்ணு கேக்கணும். இது நெசந்தானா?"

"எது?"

"அந்த ஜெர்மன்காரரு. இவங்க லேப் வேலையத் தொடவே மாட்டேங்காங்க. மூணு டாக்டரு திருநெல்வேலி லேப்புக்கு மாறிட்டாங்க. நான் ஒருத்தியா பாலிஷ் போட்டுக்கிட்டு கெடக்கேன். கேட்டா, ஜெர்மன்காரரு காத்துக்கிட்டு இருக்காருங்காங்க. எனக்கு இங்கிலீஷ் தெரியாது. நீங்க வாசிச்சிருக்கிய. நீங்க சொன்னாச் சரி."

நான் சொன்னேன்: "வெள்ளக்காரன் இவ்வளவு தூரம் மெனக்கெட்டு எழுதுதான்னா சும்மாவா எழுதுவான்? பெரிய காரியம் வரும்போது சின்னது போகத்தாம்மா செய்யும்."

அவ கையெடுத்துக் கும்பிட்டா. கும்பிட்டுட்டுப் போயிட்டா. இதுல நான் என்ன பொய் சொன்னேன்? மெனக்கெட்டு எழுதினது நெசந்தான?

அஞ்சாவது திருத்தத்துப் பாடியும் வந்து சேந்துச்சு தம்பி. வண்டிய எறக்கி அந்த மேட்டுல ஏத்தினான். மணலைச் சீறிக்கிட்டு ஏறி, உச்சியில ஒரு நொடி நின்னு, எறங்குச்சு. நிசப் பக்கி எங்கயோ தூரத்துல ஓடுத மாதிரி இருந்துச்சு. கிட்டக்கதான் ஓடுது, ஆனா தூரத்துல ஓடுத மாதிரி. அப்பத்தான் ஒரு யோசனை வந்துச்சு. இவன் இதை நெசமாவே எங்கயாவது அனுப்பிட்டான்னா? நெசமாவே ஒருத்தன் பாத்து, சரின்னுட்டான்னா?

அதுக்காகச் செஞ்சேன்னு நெனைக்காதிய. வெளையாட்டுன்னா போகப் போக ஒரு காரம் வேணும்லா. அதான் திருத்தம் சொன்ன அஞ்சுக்கு அப்புறம் ஆறாவது கடுதாசி.

'கம்பெனி உங்க டிசைனை எடுத்துக்கிடுது. ஆனா வேற யாரும் காப்பி அடிக்கக் கூடாது. அச்சு எல்லாத்தையும், வரைஞ்ச படம் எல்லாத்தையும் அழிச்சிட்டு அதை வீடியோ எடுத்து அனுப்புங்க. ஒரே ஒரு பாடிய மட்டும் வச்சுக்கிடுங்க. எங்க ஆளு நேர்ல வருவாரு.'

அதை அவனுக்கு வாசிச்சுக் காட்டினேன். "எல்லா அச்சையுமா அண்ணாச்சி?"ன்னான். "எல்லாத்தையும்னுதான் போட்டிருக்கு"ன்னேன். "மொதல் அச்சு மட்டும் வச்சுக்கிடலாமான்னு கேட்டு எழுதுங்களேன்"னான். எழுதினேன். மறுநாள் ஹெல்முட் வருத்தத்தோட முடியாதுன்னுட்டாரு.

வீடியோ வந்துச்சு. ஜெபராஜ் உப்பள ஆபீஸ்ல எல்லாரும் உக்காந்து பாத்தோம். ஆளுக்கு ஒரு பாக்கெட் மக்ரூன். லேப் தரையில சாக்கை விரிச்சு எல்லா அச்சையும் வரிசையா வச்சிருக்கான். பட்டுக்கனிதான் போனைப் பிடிச்சிருப்பா போல, வளையல் சத்தம் கேக்குது. முதல்ல ஒரு துணியப் போட்டு மூடி அடிச்சான். அப்புறம், உடையுதது வீடியோவுல தெரியணும்லான்னு நெனச்சானோ என்னமோ, துணிய எடுத்துட்டு அடிச்சான். அத்தனையையும் மாவாக்கிட்டான். படத்தை எல்லாம் ஒரு சட்டியில போட்டுக் கொளுத்தினான். எல்லாம் முடிஞ்சதும் கேமராவைப் பாத்து, நான் சொல்லிக் குடுத்திருந்த மாதிரி, "தேங்க் யூ சார்"னான்.

நான் சிரிச்சேன். திரும்பிப் பாத்தா நான் மட்டும்தான் சிரிக்கேன். ஜெபராஜ் வாயில வச்ச மக்ரூனை வெளிய எடுத்துட்டாரு.

"போதும்வே மோத்தா. சொல்லிரும் அவன்கிட்ட."

"இன்னும் ஒரே ஒரு வாரம்வே. ஆளு வரணும்லா"ன்னேன்.

ஆளு வந்தான். அப்ப ஹார்பர்ல ஒரு கப்பல் சாமான் எறக்கிட்டு நின்னுச்சு. அதுல ஜார்ஜியா நாட்டுக்காரன் ஒருத்தன், கியோர்கின்னு பேரு, சமையல்காரன். பழைய ஆபீஸ் பழக்கத்துல பிடிச்சேன். பிரியாணி வாங்கித் தாரேன், ஜெர்மன் கம்பெனி ஆளு மாதிரி சும்மா வந்து நில்லு, ஒரு கவரைக் குடு, போதும்னு சொன்னேன். என் கோட்டையே போட்டு விட்டேன். அவனுக்கும் இங்கிலீஷ் அரைகுறைதான்.

இந்த எடத்துலதான். இதே மரம். லிங்கதுரை முழுக்கைச் சட்டை போட்டு வந்திருந்தான். பட்டுக்கனி பட்டுச் சேலை கட்டி, ஒரு எவர்சில்வர் தூக்கு நெறைய முந்திரிக்கொத்து செஞ்சு கொண்டாந்திருந்தா. அவன் கியோர்கி முன்னால நின்னு இங்கிலீஷ்ல பேசினான் தம்பி. மனப்பாடம் பண்ணி வச்சிருந்தான். 'இந்தப் பக்கி என் கையால செஞ்சது, ஆனா உங்க ஹெல்முட் சார் கண்ணால செஞ்சது'ன்னு ஒரு வரி. நான் எழுதிக் குடுத்ததுதான். ஒரு எழுத்து பிசகாமச் சொன்னான்.

கியோர்கிக்கு அது வெளங்கல. அவன் கண்ணு எல்லாம் பக்கி மேல. மண்டி போட்டு உக்காந்து அந்தப் பொம்மையோட பல்லைத் தொட்டுப் பாக்கான். "யூ? யூ மேக்?"னு கேட்டான். லிங்கதுரை தலைய ஆட்டினான். ரிமோட்டை வாங்கி ஓட்டினான் தம்பி, அந்தத் தடியன், அரை மணி நேரம். சின்னப் பிள்ள மாதிரி ஓ ஓன்னு கத்துதான். நான் கண்ணைக் காட்டுதேன், கவரைக் குடு குடுன்னு. அவனுக்கு ஞாபகமே இல்ல. கடைசியில நானே போயி அவன் கோட்டுப் பையில இருந்து கவரை எடுத்து அவன் கையில திணிச்சு, அவன் லிங்கதுரைகிட்ட குடுத்தான்.

லிங்கதுரை ரெண்டு கையாலயும் வாங்கினான். பிரிச்சான். பிரிச்சதும் மூஞ்சி அப்படியே மலர்ந்து போச்சு.

"பட்டு, தமிழ்லயே எழுதியிருக்காரு!"ன்னான். "நமக்காகத் தமிழ்ல எழுதியிருக்காரு பாரு!"

சத்தமா வாசிக்க ஆரம்பிச்சான். 'அன்புள்ள லிங்கதுரைக்கு, ஹெல்முட் எழுதுவது. உங்களுக்கு ஆச்சரியமாக இருக்கும். எனக்குத் தமிழ் நன்றாக வரும். ஏனென்றால் நான் ஜெர்மனியில் இல்லை. தூத்துக்குடியில்தான் இருக்கிறேன். வாரா வாரம் என் வீட்டு வாசலில்தான் நீ செருப்பைக் கழற்றுகிறாய்.' அந்த வரி வரைக்கும் சத்தமா வாசிச்சான். அதுக்கு மேல உதடு மட்டும் அசைஞ்சுச்சு. அப்புறம் அதுவும் நின்னு போச்சு.

நான் கை தட்டினேன். "ஏமாந்தியால லிங்கம்! ஒரு சீசன் பூரா ஏமாந்தியால!"

ஒருத்தனும் தட்டல. ஜெபராஜ் முதுகைக் காட்டிக்கிட்டு நின்னாரு. பட்டுக்கனி அந்தத் தாளை அவன் கையில இருந்து வாங்கி முழுசா வாசிச்சா. வாசிச்சு, மடிச்சு, இடுப்புல சொருகினா. அப்புறம் தூக்கைத் தொறந்து ஒவ்வொருத்தருக்கா ரெண்டு ரெண்டா குடுத்துக்கிட்டு வந்தா. எனக்கும் நீட்டினா. "எடுங்க அண்ணாச்சி. ஜெர்மன்காரருக்குன்னு செஞ்சது"ன்னா. எடுத்துத் தின்னேன். தின்னாம என்ன செய்ய? வெல்லப்பாகு பதமா இருந்துச்சு.

அவன் ஏசுவான்னு நெனச்சேன். அடிச்சாக்கூட ரெண்டு வாங்கிக்கிட்டு, தோள்ல கையப் போட்டு, "விடுல, வெளையாட்டுதான"ன்னு சொல்லுததுக்குத் தயாரா இருந்தேன். அவன் என்னையத் தாண்டிட்டான் தம்பி. நேரா கியோர்கிகிட்ட போனான். வண்டியத் தூக்கி, மணலைத் தட்டி, ரிமோட்டையும் சேத்து அவன் கையில வச்சிட்டான். கியோர்கி வேண்டாம் வேண்டாம்ங்கான். "இவரு ஒண்ணும் அறியாதவரு. ஆசப்பட்டுப் பாத்தாரு. வச்சுக்கிடட்டும்"னான், யாரையும் பாக்காம. ரெண்டு பேரும் பைக்ல ஏறிப் போயிட்டாங்க.

கப்பல் மறுநாள் போயிருச்சு. அச்சும் இல்ல, படமும் இல்ல. இருந்த ஒண்ணும் எந்தக் கடல்ல போகுதோ, ஒரு சமையல்காரன் கட்டிலுக்கு அடியில.

இதுல நட்டம் யாருக்கு தம்பி? எனக்கும்தான? அஞ்சு திருத்தம். யாரு சொன்னது?

அதுக்கப்புறம் கிளப்பு மொகமே மாறிப் போச்சு. அடுத்த வாரம் நாலு பேரு வரல. அதுக்கு அடுத்த வாரம் ஜெபராஜும் வரல. போன் போட்டா, உப்பு வாருத சீசன்னாரு. உப்பு சீசன் முடிஞ்சு எவ்வளவு நாளாச்சு! எடத்தை மட்டும் வேண்டாம்னு சொல்லல, நான் வந்து ஓட்டிட்டுப் போறேன். இல்ல இல்ல, வருவாங்க. இன்னைக்கு நீங்க வாரியன்னு எல்லாருக்கும் மெசேஜ் போட்டிருக்கேன். நீலக்கோடு வந்திருக்கு, பாத்துட்டாங்க.

நான் ஆறு மாசம் பொறுத்துப் பாத்தேன். பிறகு ஒரு நாள் நானே லேப்புக்குப் போனேன். பெரியவன் நான், எறங்கிப் போனேன். மாடி ஏறி நின்னா, ரெண்டு பேரும் தலை குனிஞ்சு வேலை பாக்காங்க. மேசை நெறைய வேலை, டாக்டருங்க திரும்பி வந்துட்டாங்க போல. பட்டுக்கனி என்னையப் பாத்ததும் உள்ள போயிட்டா. அவன் ஸ்டூலைத் தொடச்சுப் போட்டான். "உக்காருங்க அண்ணாச்சி"ன்னான். அதே சத்தம், அதே மரியாதை.

"லிங்கம், அந்த அஞ்சாவது பாடி. அதை எனக்கு இன்னொண்ணு செஞ்சு தாரியா?"

"அச்சு இல்லயே அண்ணாச்சி."

"உன் கையில இருக்கும்ல? மறுபடி சீவினா வராதா?"

"வராது."

கொஞ்ச நேரம் ஒரு கடவாய்ப் பல்லை ராவிக்கிட்டு இருந்தான். அப்புறம் அவனாப் பேசினான். அவன் அவ்வளவு பேசி நான் கேட்டதில்ல.

"அந்த ஜெர்மன்காரரு இருந்தா வரும் அண்ணாச்சி. அவரு பாத்த மாதிரி யாரும் என் வேலையப் பாத்ததில்ல. எந்த டாக்டரும் பாத்ததில்ல. மூணு மில்லின்னு அவரு சொன்னப்ப, இது நமக்கு எப்படித் தெரியாமப் போச்சுன்னு வெக்கமா இருந்துச்சு. அந்தப் பச்சைய அவரு சொல்லல, என்னையத் தேட வச்சாரு. நல்ல மனுசன்."

நான் ஸ்டூலை விட்டு எந்திரிச்சிட்டேன் தம்பி. "ஏல கோட்டிக்காரா, அது நாந்தான்ல! நான் எழுதினதுல! லைப்ரரிக்கு நடந்தது நான், உன் பக்கிய வெயில்ல திருப்பித் திருப்பிப் பாத்தது நான்!"

அவன் என்னைய நிமிர்ந்து பாத்தான். கோவமே இல்ல. ஒரு செட்டைப் பாத்து, இது யாரு வாய்க்குன்னு யோசிக்குத மாதிரி பாத்தான்.

"ஆறாவது கடுதாசி வேணும்னா நீங்க எழுதியிருப்பிய அண்ணாச்சி"ன்னான். "மொத அஞ்சும் நீங்க இல்ல."

சொல்லிட்டுக் குனிஞ்சு ராவ ஆரம்பிச்சிட்டான். அந்த மெசின் சத்தத்துல நான் கத்தினது ஒண்ணும் கேக்கல.

இந்தாங்க, பிரிண்ட் எடுத்து வச்சிருக்கேன், எப்பவும் பையிலதான் கெடக்கும். ஆறும் இருக்கு. உங்களுக்கு இங்கிலீஷ் வரும்லா? வாசிங்க. நடை ஒண்ணுதான? எல்லாம் ஒரே கைதான? வாசிச்சுட்டுச் சொல்லுங்க தம்பி. யாராவது ஒருத்தர் சொல்லணும்லா.